1987 அக்டோபர் 12: கொக்குவிலில் செத்த இந்தியச் சிப்பாய்களைத் தமிழர்கள் நினைக்கலாமா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய இந்திய வீரர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது? அத்தனை பேர் செத்தும் தமிழ்நாட்டில் ஏன் யாரும் அதைப் பேசுவதில்லை? ஒரு தமிழர் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தினால் அது ஈழத்தில் செத்த தமிழர்களுக்குச் செய்யும் துரோகமா? மூன்றாவதுதான் அவருடைய மனதை அரிக்கும் கேள்வி என்று தெரிகிறது. ஆனால் முதலாவதை ஒழுங்காகச் சொல்லாமல் மூன்றாவதற்குப் போக முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர்களை நினைக்கலாம், நினைக்கவும் வேண்டும். அவர்கள் எப்படிச் செத்தார்கள், யாருடைய அவசரத்தில் செத்தார்கள், அதே நாளில் அதே ஊரில் வேறு யாரெல்லாம் செத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இதில் எதையாவது ஒளித்துவிட்டு வைக்கிற மாலை எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அதை யார் வைத்தாலும் சரி.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனேவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை வடக்கில் இறங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் அவர்களை மாலை போட்டு வரவேற்றார்கள், இது பலருக்கு இன்று மறந்துவிட்டது. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பிரபாகரன் பேசினார், அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு அருகே இருக்கும் பலாலி விமானத்தளத்தில் ஆயுதக் கையளிப்புச் சடங்கும் நடந்தது. அப்புறம் எல்லாம் சரியத் தொடங்கியது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை புலேந்திரன், குமரப்பா உட்பட 17 புலிகளைக் கடலில் பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது அக்டோபர் 5 அன்று பலாலியில் சயனைட் கடித்தார்கள், 12 பேர் இறந்தார்கள். உடனே கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்க வந்த படை சில நாட்களுக்குள் புலிகளுடன் போருக்கு இறங்கியது. அந்தப் படை நடவடிக்கைக்குப் 'பவன்' என்று பெயர்.

போர் தொடங்கிய முதல் நாட்களிலேயே, அக்டோபர் 11 இரவு, அந்த ஹெலிகாப்டர் நடவடிக்கை. புலிகளின் தலைவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கூடுகிறார்கள் என்று உளவுத் தகவல். பல்கலைக்கழகத்தை ஒட்டிய யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீடுகள் நெருக்கமாக இருக்கும், மதில்கள், ஒழுங்கைகள் என்கிற சந்துகள், பனைகள், கிணற்றடிகள் என்று ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடம். அதன் நடுவில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானம் மட்டும் திறந்து கிடக்கிறது. அங்கே இரவோடு இரவாக எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் 10-ஆவது பாரா கமாண்டோக்களை இறக்குவது, அவர்கள் போய்த் தலைவர்களைப் பிடிப்பது, அவர்களுக்குப் பின்னால் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் சிப்பாய்களை இறக்கி மைதானத்தைக் கைவசம் வைத்திருப்பது, அதற்குள் தரை வழியாக மற்ற படை வந்து சேர்ந்துவிடுவது. காகிதத்தில் பார்த்தால் அழகான திட்டம்தான்.

புலிகள் காத்திருந்தார்கள். இந்தியப் படையின் வயர்லெஸ் பேச்சை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னாளில் இரண்டு தரப்புமே ஒப்புக்கொண்ட விஷயம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஒரு இயக்கத்திடம் போய், மறைமொழி ஒழுங்காக இல்லாத வயர்லெஸ்ஸில் திட்டத்தைப் பேசினால் வேறென்ன நடக்கும்? மைதானத்தைச் சுற்றி இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துவிட்டு இருந்தார்கள். மைதானமோ சின்னது, ஒரே நேரத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள்தான் இறங்க முடியும், ஒவ்வொன்றிலும் 20 பேர் அளவுக்குத்தான் வர முடியும், அதனால் பல நடை வந்துவந்து போக வேண்டும். முதல் நடையில் வந்தவர்கள் இறங்கியபோதே சுடத் தொடங்கிவிட்டார்கள். கமாண்டோக்கள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் எப்படியோ இறங்கிவிட்டார்கள். சீக்கியப் படையினரில் 30 பேர் இறங்கியதும் ஹெலிகாப்டர்கள் இதற்கு மேல் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டன. குண்டு துளைத்த ஹெலிகாப்டர்களை விமானிகள் பலாலிவரை ஓட்டிச்சென்றதே பெரிய காரியம். மிச்சம் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பலாலியில் நின்றார்கள், கொக்குவிலில் இறங்கிய 30 பேருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அந்த 30 பேரை மேஜர் பீரேந்திர சிங் வழிநடத்தினார். கமாண்டோக்கள் தங்கள் வேலையைத் தேடி மைதானத்தை விட்டு வீடுகளுக்குள் நகர்ந்துவிட்டார்கள். இவர்கள் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். இறங்கிய இடத்தைப் பிடித்து நிற்பதுதான் அவர்களுக்குக் கொடுத்திருந்த வேலை. நாம் நகர்ந்துவிட்டால் அடுத்த நடையில் வருகிற நம் ஆட்கள் எதிரி கையில் இருக்கிற மைதானத்தில் போய் இறங்குவார்கள், செத்துப்போவார்கள். இந்தக் கணக்கில்தான் அவர்கள் நின்றிருக்க வேண்டும். அடுத்த நடை வரவே இல்லை. தொடக்கத்திலேயே வயர்லெஸ் தொடர்பும் போய்விட்டது. வரமாட்டார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல், வருவார்கள் என்று நம்பிக்கொண்டு, திறந்த மைதானத்தில், விடியும்வரையும் விடிந்த பிறகும் சண்டையிட்டார்கள். விடிந்த பிறகு நிலைமை இன்னும் மோசம், சுற்றிலும் இருக்கிற மாடிகளிலிருந்து எல்லாம் தெரியும். அவர்கள் கையில் இருந்தது பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, கொண்டுவந்த தோட்டா தீரத் தீர அடுத்து எதுவும் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் ஏ.கே.-47. 12-ஆம் தேதி முற்பகலில் எல்லாம் முடிந்தது. 29 பேர் செத்தார்கள். ஒரே ஒருவர் உயிரோடு பிடிபட்டார், பின்னர் அவரைப் புலிகள் விடுவித்தார்கள். கடைசி மூன்று பேர் தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள், அதில் இருவர் செத்தார்கள் என்று படை வட்டாரத்தில் சொல்லப்படுவது அந்த ஒருவர் வழியாக வந்த செய்திதான்.

கமாண்டோக்கள் வீடுகளுக்குள் மாட்டிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள், அவர்களில் 6 பேர் செத்தார்கள். அவர்களை மீட்க டாங்கிகள் வந்தன. சாலையெல்லாம் கண்ணிவெடி என்பதால் காங்கேசன்துறை ரயில் பாதை மீதே டாங்கிகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் மேஜர் அனில் கௌல் படுகாயமடைந்தார். யாரைப் பிடிக்க இவ்வளவும் செய்தார்களோ அந்தப் புலித் தலைவர்கள் யாரும் பிடிபடவில்லை.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்கிறவர்கள்தான் அதிகம். 12-ஆம் தேதி கொக்குவிலில் செத்தவர்கள் சிப்பாய்கள் மட்டும் கிடையாது. அங்கே பிரம்படி என்று ஒரு ஒழுங்கை இருக்கிறது. அந்த ஒழுங்கையிலும் சுற்றியிருந்த வீடுகளிலும் இருந்த பொதுமக்கள், முதியவர்கள் பிள்ளைகள் உட்பட, இந்தியப் படையால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் கிடையாது, அன்றைக்குத் தங்கள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். பிரம்படியில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 12 அன்று உறவுகள் கூடி விளக்கேற்றுகிறார்கள். ஒன்பதே நாள் கழித்து, தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் மருத்துவர்கள், தாதியர்கள், சிற்றூழியர்கள் என்று 21 பேர் அந்த வைத்தியசாலையின் ஊழியர்களே. அதற்கும் ஆண்டுதோறும் வைத்தியசாலைக்குள்ளேயே நினைவுகூரல் நடக்கிறது.

இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. ஒரே நாள், நடந்தே போகிற தூரத்தில் இருக்கிற இரண்டு இடங்கள். ஒன்றில் பஞ்சாபிலிருந்து வந்த இளைஞர்கள் செத்துக் கிடந்தார்கள், இன்னொன்றில் அந்த ஊர்க்காரர்கள் செத்துக் கிடந்தார்கள். மைதானத்தில் தோழர்களை இழந்த கோபம்தான் தெருவில் இருந்தவர்கள் மீது பாய்ந்தது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். காரணம் அதுவாகவே இருக்கட்டும், அது அந்தச் செயலை நியாயப்படுத்தாது. பிரம்படிக்குப் பதிலடியாக அந்த 30 பேரையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. நேர வரிசையைப் பாருங்கள். அந்த 30 பேர் மைதானத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

யார் அந்த 30 பேர்? சீக்கிய இலகு காலாட்படை என்பது பெரும்பாலும் மஸ்பி, ராம்தாசியா சீக்கியர்களைக் கொண்டு அமைந்த படைப்பிரிவு. சீக்கிய மதத்துக்குள்ளும் சாதியால் ஒதுக்கப்பட்ட, நிலம் இல்லாத, கூலி வேலை பார்த்த குடும்பங்கள் அவை. பிரிட்டிஷ் காலத்தில் முதலில் இவர்களை மண் வெட்டவும் பாதை போடவும் மட்டும்தான் படையில் சேர்த்தார்கள், பின்னர்தான் போரிடும் படைப்பிரிவு ஆக்கினார்கள். குவாலியரில் இருந்த பிரிகேடோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, பலாலியில் இறக்கி, அதே இரவில் ஹெலிகாப்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஊர் எது, யார் எதிரி, யார் பொதுமக்கள், இரவில் எந்தப் பக்கம் வடக்கு என்றுகூடத் தெரிந்துகொள்ள நேரம் கொடுக்கவில்லை. ஹெலிகாப்டரில் இறங்கிச் சண்டையிடும் பயிற்சி கமாண்டோக்களுக்கு இருந்தது, இவர்களோ சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்கள். 'ஏதோ ஒரு அமைதி வேலை' என்று புறப்பட்டுவந்தவர்களை நேராகச் சாவின் வாய்க்குள் கொண்டுபோய் இறக்கியது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை டெல்லி பொறுப்போடு ஒரு பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தளபதிகளும் தூதர்களும் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டுப் புத்தகங்கள் எழுதினார்கள். படித்தால் எல்லோருமே தங்களைத் தவிர மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த 29 பேரை நினைப்பது என்றால் முதலில் இதைச் சொல்வதுதான். உளவுத் தகவலைச் சரிபார்க்காமல் நம்பியது, எதிரி கேட்கிற வயர்லெஸ்ஸில் பேசியது, ஒரு நேரத்தில் 40 பேர் மட்டும் இறங்கக்கூடிய மைதானத்தில் நூற்றுக்கணக்கில் இறக்கத் திட்டம் போட்டது, முதல் நடையிலேயே ரகசியம் போய்விட்டது என்று தெரிந்தும் நிறுத்தாதது. 'வீரமரணம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது இவை எல்லாமே காணாமல் போய்விடுகின்றன. அவர்கள் வீரமாகத்தான் செத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீரத்துக்கு அவசியமே வந்திருக்கக் கூடாது.

அந்தப் போரில் பதுங்கித் தாக்குதலில் செத்த தமிழர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில்கூட நிறையப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8-ஆவது மஹார் படைப்பிரிவு. 1946-இல் பம்பாயில் பிறந்த தமிழர், சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி முடித்து 1972-இல் படையில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று கந்தரோடைப் பக்கம் தேடுதல் முடித்து இரவில் திரும்பும்போது அவருடைய அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் சுற்றிவளைத்துப் பின்பக்கமாகப் போய்த் தாக்கினார், கைகலப்பில் ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார், சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டுவிட்டு, சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் போரில் இந்தியாவின் உயரிய வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையில் பரமேஸ்வரன் விஹார் என்று படையினருக்கான குடியிருப்பு இருக்கிறது, தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். 2023-இல் அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களை வைத்தபோது ஒரு தீவுக்கு அவர் பெயரும் கிடைத்தது. தமிழ் பேசுகிற ஒரு அதிகாரி, தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசுகிற இளைஞர்களோடு மோதிச் செத்தார், அவர்களில் ஐந்து பேரும் அன்று செத்தார்கள். இரண்டு நாள் கழித்து வருகிற நவம்பர் 27-ஐப் புலிகள் 1989 முதல் மாவீரர் நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஆக ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசி வாரத்தில், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், தமிழ்ப் பேர் வைத்த பிள்ளைகளுக்கான விளக்குதான்.

இனி இரண்டாவது கேள்வி. தமிழ்நாட்டில் ஏன் பேசவில்லை? பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. 32 மாதம் கழித்து, 1990 மார்ச் 24 அன்று, அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலில் கிளம்பிச் சென்னைக்கு வந்தது. வரவேற்பு நிகழ்ச்சிக்கு முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலை. அதை அன்று கடுமையாகக் கண்டித்தவர்களும் உண்டு, சரிதான் என்றவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. பிரம்படியும் வைத்தியசாலையும் நடந்த பிறகு தோரணம் கட்டி வரவேற்றிருந்தால் யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? அதே நேரம் கப்பலில் இருந்து இறங்கிய சிப்பாய்க்கு, போகச் சொன்னதும் நாடு, திரும்பி வரச் சொன்னதும் நாடு, வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நாடு. முடிவெடுத்தவர்கள் மீது காட்டியிருக்க வேண்டிய கோபம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் மீது போனது, அவர்களில் குற்றம் செய்தவர்கள் யார் என்று விசாரித்துத் தண்டிக்கவும் இல்லை. விசாரணை நடந்திருந்தால் குற்றம் செய்யாத பெரும்பான்மைக்கு அது ஒரு மரியாதையாக இருந்திருக்கும். இதை இந்தியாவில் படையை ஆதரித்துப் பேசுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

அப்புறம் 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் கொலைக்குப் பிறகு ஈழம் பற்றிப் பேசுவதே தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் ஆபத்தான விஷயமாகிவிட்டது, அமைதிப்படைக் காலம் மொத்தமும் ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. டெல்லிக்கும் அது வசதியாகவே இருந்தது. 1971 போல வெற்றி என்று காட்ட ஒன்றும் இல்லை, கார்கில் போலத் தொலைக்காட்சியில் பார்த்த போரும் கிடையாது. ஏறத்தாழ 1,200 பேர் செத்த ஒரு நடவடிக்கைக்குப் பல பத்தாண்டுகளாகத் தனியாக ஓர் அரசு நினைவு நாள் இல்லாமலே போனது. அங்கே சண்டையிட்டுத் திரும்பிய மூத்த வீரர்கள் தங்களுக்குள்ளேயே கூடி மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் விந்தைதான்: அவர்களுக்கென்று தனியாகப் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பியது இலங்கை அரசு. 1989-இல் ஜனாதிபதி பிரேமதாச கெடு வைத்து வெளியேறச் சொன்ன அதே நாடு, 2008 வாக்கில் கொழும்புக்கு வெளியே பத்தரமுல்லையில், நாடாளுமன்றத்துக்குக் கிட்டே, இறந்தவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தது. இந்தியத் தூதர்கள் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள், பிரதமர் மோடியும் போயிருக்கிறார். பலாலிப் படைத்தளத்துக்குள்ளும் ஒரு நினைவிடம் இருக்கிறது. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் மற்றப் போர்களில் இறந்தவர்களோடு இவர்களின் பெயர்களும் சேர்ந்தன. 1987-இல் செத்தவர்களின் பெயர் தலைநகரில் கல்லில் ஏற 32 ஆண்டு ஆகியிருக்கிறது.

பத்தரமுல்லைக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நான் நல்ல காரியம் என்றுதான் சொல்வேன், ஆனால் அதே இலங்கை அரசு 2009-க்குப் பிறகு வடக்கு கிழக்கில் புலிகளின் துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தில் படைமுகாம் வந்தது. தாய்மார்களுக்குப் பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு விளக்கு வைக்க வழியில்லாமல் போனது. 2021 ஜனவரியில் அதே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் எழுப்பியிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள், மாணவர்கள் பட்டினி கிடந்து போராடிய பிறகு சில மாதங்களில் திரும்பக் கட்டப்பட்டது. எந்தச் சாவை நினைக்கலாம், எதை நினைக்கக் கூடாது என்று அரசு தீர்மானிக்கிற ஊர் அது. அங்கே இருக்கிற ஒருவர் 'எங்கள் பிள்ளைகளுக்குக் கல் இல்லை, வந்து சுட்டவனுக்குக் கல் இருக்கிறதா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நூறு சதவீதம் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் அவர்களுடைய கல்லைத் திரும்ப வைப்பதுதான். இவர்களுடைய கல்லைப் பெயர்ப்பதால் அங்கே யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு நேராக வருகிறேன். துரோகமா? இல்லை. ஆனால் அப்படி ஆக்கிவிட முடியும், அது நீங்கள் நினைக்கிற விதத்தில் இருக்கிறது. 29 பேரின் சாவைச் சொல்லி, 'பார், தமிழர்களுக்கு உதவப் போனவர்களை அவர்களே கொன்றார்கள், நன்றி கெட்டவர்கள்' என்று முடித்தால் அது அஞ்சலியே கிடையாது, செத்தவனைக் காட்டி உயிரோடு இருப்பவனை அடிப்பது. வட இந்தியாவில் வருகிற நிறைய எழுத்துகள் இந்த ரகம். இந்தப் பக்கம், ஹெலிகாப்டர் இறக்கத்தைப் புலிகளின் போர்த்திறமைக்குச் சான்றாக மட்டும் சொல்லிக் குதூகலிக்கிற எழுத்தும் தமிழில் நிறைய இருக்கிறது. ஒரு மைதானத்தில் நாதியற்றுச் செத்த கூலிக்காரக் குடும்பத்துப் பையன்களை நினைத்து எப்படிக் கைதட்ட முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களை அனுப்பிய அரசை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

இதை எப்படிச் செய்யலாம் என்பதற்கு அந்தப் பல்கலைக்கழகமே ஒரு முன்மாதிரி கொடுத்திருக்கிறது. அங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகமவும் சக ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில் இந்தியப் படை செய்த கொலைகளும் வன்கொடுமைகளும் இடம், நாள் சொல்லிப் பதிவாகியிருக்கின்றன. புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்தவையும் அதே கறாரோடு அதில் இருக்கின்றன. யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று மாலை சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராஜினியைத் திருநெல்வேலியில் சுட்டுக் கொன்றார்கள், அப்போது அவருக்கு 35 வயது. அந்த மைதானமும் பிரம்படியும் அவர் கொல்லப்பட்ட தெருவும் எல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால், அக்டோபர் 12 அன்று அந்த 29 பேரையும் 6 கமாண்டோக்களையும் பற்றி எழுதுகிறவர்கள் அதே பதிவில் பிரம்படியையும் எழுதுங்கள். கொழும்புப் பக்கம் போகிறவர்கள் பத்தரமுல்லைக்குப் போய்ப் பெயர்களைப் படியுங்கள், சிங், சிங், சிங் என்று வரும், நடுவே தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் வரும். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மைதானத்தைத் தேடிப் போய்ப் படம் எடுத்துப் போடுவதற்கு முன் பிரம்படி நினைவிடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் போய்ச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பேசுகிற எத்தனையோ பேர் 'இந்தியன் ஆமி'யில் நல்லவனாக இருந்த ஒரு சிப்பாயைப் பற்றியும் அதே மூச்சில் சொல்வார்கள், சப்பாத்தி கொடுத்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று.

பகிரும்போது இன்னொரு கவனம் வேண்டும். இந்த நடவடிக்கை பற்றி இணையத்தில் சுற்றுகிற எண்ணிக்கைகளும் வசனங்களும் பல, ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு சுற்றுப் பெருக்கிறது. செத்தவர்கள் வாயில் சினிமா வசனம் வைக்கிறார்கள், நூற்றுக்கணக்கான புலிகளைக் கொன்றதாக எழுதுகிறார்கள். வேறு எங்கோ எடுத்த உடல்களின் படங்களை இதற்குப் போடுகிறார்கள். அந்தப் படங்களைப் பகிராதீர்கள். பஞ்சாபில் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, கொக்குவிலிலும் இருக்கின்றன, அவர்கள் கையிலும் போன் இருக்கிறது.